மருந்தும் விலக்கும்

உடலை உள்ளும் புறமும் தூய்மை செய்தல் நம் நாட்டாரின் தொன்றுதொட்ட வழக்கங்களுள் ஒன்று. வீட்டை மெழுகுதலும், கிணற்றைத் தூர்வாருதலும், பானையைக் கழுவிக் கவிழ்த்தலும் போலவே, வயிற்றையும் ஆண்டிற் சிலமுறை கழுவுதல் வேண்டும் என்பது நம் முதியோர் கொள்கை. எண்ணெய் தேய்த்து முழுகுதல், பேதிக்கு மருந்துண்ணல், வாந்தி செய்வித்தல், மூக்கிலே மருந்து பிழிதல், வேது பிடித்தல் என இவ்வழக்கம் பல துறைப்பட்டது. இதனைக் குறித்து இக்காலத்தே இருதிறத்தார் இருவேறு கூறுவர். ஒரு சாரார், இவை யாவும் அறியாமைக் காலத்து வழக்கங்களென்று இகழ்ந்து ஒதுக்குவர். மற்றொரு சாரார், இவையே எல்லா நோய்க்கும் மருந்தென்று கொண்டாடி, உடம்பிலுள்ள நஞ்சினையெல்லாம் ஒரு கிழமையில் வெளியேற்றுவோம் எனக் கைபேசித் திரையில் விளம்பரஞ் செய்து, பொடியும் இலேகியமும் விற்பர். இவ்விருவர் கூற்றும் முற்றும் பொருந்தா என்பது என் கருத்து. நாம் உண்மையிற் கவலைகொள்ளத்தக்க குறை வேறொன்றுண்டு. மருந்தை நினைவில் வைத்துக்கொண்ட நாம் அதன் விலக்கை மறந்துவிட்டோம் என்பதே அக்குறை.

இதனை வெறும் நூலறிவு கொண்டு கூறுகின்றேனல்லேன். எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. அதனைக் கூறுமுன், அவ்வழக்கம் எம்மூரில் நடந்த முறையைச் சிறிது கூறுவேன்.

எம்மூர் செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லம். எம் இல்லத்தில் மூத்தவர் எம் தந்தையைப் பெற்ற ஆயா. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்குமுன் ஒருநாள் விடியற்காலையில், அவர் பேரப் பிள்ளைகள் அனைவரையும் திண்ணையில் வரிசையாக அமர்த்துவார். ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, நீரிலிட்டுக் காய்ச்சித் தம் கையாலேயே எடுத்த விளக்கெண்ணெயை இஞ்சிச் சாற்றோடு கலந்து, வெறும் வயிற்றில் ஒவ்வொருவர்க்கும் புகட்டுவார். குமட்டாதிருத்தற்பொருட்டு நாவில் நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டொன்று வைக்கப்படும். பின்னர் வெந்நீர், நண்பகலிலே குழைய வடித்த சோறும் மோரும், மாலையில் மிளகு இரசம். அன்று வெயிலில் ஆடலாகாது, பகலில் உறங்கலுமாகாது. ஓடி ஒளிவோரைச் சிற்றப்பன்மார் தேடித் தூக்கி வருவர். இக்காட்சியை இன்று நினைப்பினும் நாவில் குமட்டலும் முகத்தில் நகையும் ஒருங்கே தோன்றுகின்றன.

ஆயாவுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் அவர் செய்தது ஒரு நெடிய மரபின் கடைக்கிளையே. அம்மரபின் அடிமரத்தைச் சிறிது காண்போம்.

வடமொழி மருத்துவ நூலார் இக்கழிப்பு முறைகளைப் பஞ்சகருமம் என ஐந்தாகத் தொகுத்தனர். வாந்தி செய்விக்கும் வமனம், பேதி செய்விக்கும் விரேசனம், மூக்கின்வழி மருந்திடும் நசியம் என்னும் மூன்றோடு, குதத்தின்வழி மருந்து செலுத்தும் வஸ்தியை எண்ணெய் வஸ்தி, கசாய வஸ்தி என இரண்டாக்கிச் சரக மரபினர் ஐந்தென்பர். சுசுருத மரபினரோ வஸ்தியை ஒன்றாகக் கொண்டு, குருதி வடித்தலை ஐந்தாவதாகச் சேர்ப்பர். இவற்றுள் எதுவும் எண்ணெயை வாயில் ஊற்றுதலோடு முடிந்துவிடுவதன்று. பேதிக்கு முன்னே, 3 நாள் முதல் 7 நாள்வரை நெய்யருந்தி உடலை நெகிழ்வித்தலும், பின்பு வேது பிடித்து வியர்ப்பித்தலும் வேண்டும். மருந்துண்ட நாளில் மருத்துவன் அருகிருந்து, பேதி எத்துணை முறை ஆயிற்றென எண்ணுதல் வேண்டும். 10 ஆயின் கடை, 20 ஆயின் இடை, 30 ஆயின் தலை என்பது அவர்கள் வகுத்த கணக்கு. கழிந்த பின்னும் உடனே பழைய உணவுக்கு மீளலாகாது. முதலில் நீர்த்த கஞ்சி, பின்பு கொழுங்கஞ்சி, பின்பு பயற்றுநீர் எனக் கழிந்த அளவுக்கேற்ப 3 நாளேனும், 5 நாளேனும், 7 நாளேனும் படிப்படியாக ஏறுதல் வேண்டும்.

நம் தமிழ்ச் சித்த மருத்துவமும் இத்துறையில் வளமுடையது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிச் செய்யுட்கள், நான்கு திங்கட்கு ஒருமுறை பேதியும், ஆறு திங்கட்கு ஒருமுறை வாந்தியும், ஒன்றரைத் திங்கட்கு ஒருமுறை நசியமும், நான்கு நாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் விதிக்கின்றன. ஆயின் ஒன்று நோக்கத்தக்கது. ஆயுர்வேதம் பித்தத்திற்குப் பேதியும், கபத்திற்கு வாந்தியும், வாதத்திற்கு வஸ்தியும் உரியன என்னும். சித்த மரபோ, பேதியால் வாதமும், வாந்தியால் பித்தமும், நசியத்தாலும் கண்மருந்தாலும் கபமும் தணியும் என்னும். உடன்பிறந்தார் போலும் இவ்விரு நூல்களுமே இங்கு ஒன்றுபடவில்லை. முன்னோர் கூறினார் என்ற அளவில் அனைத்தையும் ஆராயாது கொள்வார்க்கு இவ்வேறுபாடு ஒரு நல்ல பாடம். எம்முன்னோரைக் கொள்வது என்று அவர் முதலில் விடைகூறல் வேண்டுமன்றோ?

இது நிற்க. இனி எம் இல்லத்து நிகழ்ச்சிக்கு வருவேன்.

ஐந்தாண்டுகட்கு முன், ஒரு கோடையில், அப்போது பதினொரு வயதினனாயிருந்த என் தம்பிக்கு இரவில் வயிற்றுவலி கண்டது. முதலில் கொப்பூழைச் சுற்றி நின்ற வலி, விடியுங்கால் வலப்பக்க அடிவயிற்றில் இறங்கி நின்றது. சிறு காய்ச்சலும் உண்டாயிற்று. வயிறு உப்பியிருந்தது. இருமுறை வாந்தியும் எடுத்தான். ஆயா அவன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "மாம்பழமும் பலாச்சுளையுமாத் தின்னிருக்கான், வயித்துல தங்கிப்போச்சு. கழுவிவிட்டாச் சரியாயிடும்" என்றார்.

என் தாய் தயங்கி, "வேணாம் அத்தை, டாக்டர்கிட்டக் காட்டிடலாம்" என்றார்.

"எத்தனை புள்ளைங்களுக்கு இந்தக் கையால குடுத்திருக்கேன்! எதுக்காவது ஒண்ணு ஆச்சா?" என்பது ஆயாவின் விடை. அதற்கு மறுமொழி கூற எவரும் துணிந்திலர். யானே சென்று இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தேன்.

எண்ணெய் உள்ளே சென்ற சில நாழிகையில் அவன் துடித்துச் சுருண்டான். நண்பகலில் வலி சட்டெனத் தணிந்தது. ஆயாவின் முகம் மலர்ந்தது. அத்தணிவு ஆறுதலன்று, ஆபத்தின் அறிகுறி என்பதை யாங்கள் அப்பொழுது அறிந்திலேம். மாலையில் அவன் வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் ஏறி, உதடு உலர்ந்து, பேச்சுக் குழறலாயிற்று. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அன்றிரவே அறுவை நடந்தது. குடல்வால் அழன்று வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்ததென்று கூறிய மருத்துவர், "பேதிக்கு ஏதேனும் கொடுத்தீர்களா?" என்று வினவினார். அவ்வினாவைக் கேட்டதும் ஆயா நிலத்தை நோக்கினார்; யானும் நோக்கினேன். என் விரலில் இஞ்சி மணம் அப்பொழுதும் மாறவில்லை.

இறைவன் அருளாலும் மருத்துவர் திறத்தாலும் அவன் பிழைத்தான். பன்னிரு நாள் கழித்து வீடு வந்தான். ஆயா அதன்பின் எண்ணெய்ச் சாடியைக் கையாலும் தொட்டிலர். ஊரிற் சிலர், பழைய வழக்கமெல்லாம் பாழென்றனர். வேறு சிலர், விதி அப்படி, எண்ணெய் என் செய்யும் என்றனர். யான் எதனைக் கொள்வதென்று அறியாது மயங்கியிருந்தேன்.

இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த பின்னரே அம்மயக்கம் தெளிந்தது. மருத்துவச் செய்யுட்களைப் பற்றி ஒரு வகுப்புக் கட்டுரை எழுதும்பொருட்டு நூல்நிலையத்தில் நூல்களைப் புரட்டுங்கால், சரக சங்கிதையின் சித்தித்தானத்து இரண்டாம் அத்தியாயம் கூறுவது கண்ணிற் பட்டது. ஐந்து செயல்களுள் ஒவ்வொன்றும் எவர்க்குச் செய்யத்தகும், எவர்க்குத் தகாது என்பதை அவ்வத்தியாயம் வகைப்படுத்திக் கூறுகின்றது. பேதி தகாதவர் என எண்ணப்பட்டோருள் மெலிந்தோர் உளர், சிறு குழவியர் உளர், முதியோர் உளர், கருவுற்றார் உளர், குதத்தில் புண்ணுடையார் உளர், கீழ்வழியே குருதி போவார் உளர். செரியாமையுடையார், புதிதாய்ச் சுரங் கண்டார், வயிறு உப்பினார் என்பாரும் அப்பட்டியலில் நிற்கின்றனர். இறுதியிற் கூறிய மூன்றையும் படித்தபோது என் கை நடுங்கிற்று. சுரமும் உப்பலும் அன்று என் தம்பியிடத்தே கண்கூடாக இருந்தன. செரியாமை உண்டென்று ஆயாவே கூறினார். அப்பண்டை நூலைக் கற்ற ஒரு வைத்தியர் அன்று எம் திண்ணையில் இருந்திருப்பின், அவரே அவ்வெண்ணெயைத் தட்டி ஊற்றியிருப்பார். மரபு எம்மைக் கைவிடவில்லை. மரபின் பாதியை மட்டும் யாங்கள் கைக்கொண்டிருந்தோம்.

அவ்விலக்குகட்குக் காரணம் யாதென இக்கால அறிவு கொண்டு நோக்குவோம். குடல்வால் அழற்சி என்னும் நோயைத் தெளிவாகப் பிரித்தறிந்து பெயரிட்டவர் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ் என்பவர், ஆண்டு 1886. அதற்கு முன் அதனை உலகில் எந்நாட்டு மருத்துவரும் செவ்வனே அறிந்திலர். ஆகவே பண்டையோர்க்கு அந்நோயின் பெயர் தெரியாது. ஆயினும் சுரத்தோடு வயிறு உப்பியவனைக் கழிப்பித்தால் கேடு விளையும் என்பதைப் பன்னெடுங்காலம் கண்டு அறிந்திருந்தனர். அடைபட்டு அழன்ற குடல்வாலுள்ளவனுக்குப் பேதி மருந்து கொடுப்பின், குடல் வலிந்து சுருங்குதலால் அது விரைந்து வெடித்தல் கூடும். வயிற்றுவலிக்குக் காரணம் தெரியுமுன் பேதி மருந்து கொடுக்கலாகாது என அறுவை மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயாம்.

விளக்கெண்ணெய் வேலைசெய்யும் முறையும் இப்பொழுது விளங்கியுள்ளது. அவ்வெண்ணெய் குடலிற் செரிந்து ரிசினோலிய அமிலத்தைத் தருகின்றது. அவ்வமிலம் குடற்றசையிலுள்ள ஒரு குறித்த ஏற்பியைத் தொட்டுக் குடலைச் சுருங்கச் செய்கின்றதென்பதை 2012-இல் ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். அதே ஏற்பி வழியாகக் கருப்பைத் தசையும் சுருங்கும் என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று. கருவுற்றாளுக்குப் பேதி ஆகாதென்ற பழைய விலக்கின் பொருள் இதனால் எத்துணை நன்றாக விளங்குகின்றது! குழவியர்க்கும் முதியோர்க்கும் ஆகாதென்றதும் இத்தகையதே. பேதியால் வெளியேறுவது மலம் மட்டுமன்று; உடலின் நீரும் உப்பும் உடன் வெளியேறும். சிற்றுடல் அவ்விழப்பைத் தாங்காது. 1971-இல் வங்கத்து அகதி முகாமொன்றில் வாந்திபேதி பரவியபோது, திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சருக்கரையும் கரைத்த நீரைப் பருகச் செய்தே பல்லோர் உயிரைக் காத்தார். பேதியானவனைக் கொல்வது நீரிழப்பே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பண்டையோர் கழிப்பித்தபின் முதலுணவாக நீர்த்த கஞ்சியை விதித்ததும் இதனோடு ஒத்துப்போகின்றது.

அற்றேல், விலக்கு எவ்வாறு மறைந்தது? மருந்து பொருளாயிருந்தது, விலக்கு அறிவாயிருந்தது. பொருள் சாடியில் நின்றது. அறிவு வைத்தியரோடு சென்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்போன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்களைத் திருவள்ளுவர் கூறினார். அந்நான்கனுள் மருத்துவன் ஊரைவிட்டு நீங்கியபின், எஞ்சிய மூன்றுமே எம் திண்ணையில் இருந்தன. மேலும், நான்கு திங்கட்கு ஒருமுறை என்னும் விதி சிறிது. எளிதில் வாயில் நிற்கும். இன்னின்னார்க்கு ஆகாதென்னும் பட்டியல் நெடிது. அதனை நினைவிற்கொள்ள ஓதிய மாணாக்கன் வேண்டும். செஞ்சியின் இராசகிரி உச்சிக்கு ஏறுவோர், வழியில் ஒரு பெரும் பாறைப் பிளவையும், அதனைக் கடக்க இடப்பட்ட பாலத்தையும் கண்டிருப்பர். பகைவர் வருங்கால் அப்பாலத்தை நீக்கிவிடின், கோட்டை எவர்க்கும் எட்டாது. 2025-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாய் ஏற்கப்பெற்ற அக்கோட்டையின் வலிமை மதிலில் மட்டும் இல்லை. வேண்டாதபோது வழியை அடைக்கும் அவ்வேற்பாட்டிலும் இருந்தது. மருத்துவத்தில் விலக்கு என்பது அத்தகையதே. வழியைத் திறக்க மட்டும் அறிந்து, அடைக்க அறியாதவன் கோட்டையைக் காவான்.

இனி, இவ்வழக்கங்களை முற்றும் இகழ்வார்க்கு ஒரு சொல். கழிப்பித்தலை நம்பிக் கெட்டவர் நாம் மட்டும் அல்லேம். 1793-இல் பிலதெல்பியா நகரில் மஞ்சட் காய்ச்சல் பரவியபோது, பெஞ்சமின் ரஷ் என்னும் பெருமருத்துவர் பாதரச உப்பைக் கொண்டு நோயாளரைக் கடும்பேதிக்கு உள்ளாக்கினார். குருதியையும் மிகுதியாக வடித்தார். 1799-இல் அமெரிக்க நாட்டு முதற் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் தொண்டைநோயுற்றபோது, ஒரே நாளிற் பன்முறை குருதி வடித்து, பேதியும் வாந்தியும் செய்வித்தனர். அன்றிரவே அவர் மாண்டார். அம்மருத்துவர் மூடரல்லர், தம் காலத்துச் சிறந்த அறிஞரே. மேலைநாட்டார் பின்னர் அவ்வழியினின்று மீண்டது எதனால்? எண்ணிப் பார்த்ததனால். பாரிஸ் நகரத்துப் பியேர் லூயி என்பவர், நுரையீரல் அழற்சி கண்டாருள் குருதி வடிக்கப்பெற்றோர் எத்துணையர் பிழைத்தனர், எத்துணையர் இறந்தனர் எனக் கணக்கிட்டு 1835-இல் வெளியிட்டார். நம்பியிருந்த அளவு நன்மை அதனால் இல்லையென்பது அக்கணக்கிற் புலனாயிற்று. பேதி எத்துணை முறை ஆயிற்றென எண்ணிய நம் முன்னோர்க்கு எண்ணுதல் புதிதன்று. பேதியுண்டார் எத்துணையர் நலமுற்றனர் என்றும் எண்ணுவதே நாம் அவர் வழியில் எடுத்துவைக்க வேண்டிய அடுத்த அடி.

இவற்றைக் கொண்டாடி விற்பார்க்கும் ஒரு சொல் உண்டு. பண்டை நூல்கள் கூறியது வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் மிகுதி குறைவை. இவர்கள் கூறுவதோ நஞ்சு. எந்த நஞ்சு, உடலில் எவ்வளவு இருந்தது, பொடியுண்டபின் எவ்வளவு குறைந்தது என வினவின் விடையில்லை. நம் உடலிற் கழிவை நீக்கும் தொழிலைக் கல்லீரலும் சிறுநீரகமும் இராப்பகலாகச் செய்கின்றன. சிறுநீரகங்கள் ஒருநாளில் வடிக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். நலமாயிருப்பார்க்கு அவற்றினும் சிறந்த துப்புரவாளர் வேண்டியதில்லை. நலங்கெட்டார்க்கோ விளம்பரப் பொடி போதாது. தூய்மை செய்வதாகக் கூறிய மருந்தே அழுக்காயிருப்பதும் உண்டு. 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தமை வெளியாயிற்று. நம் விடுதியிலும் தேர்வுக்கு முன் உடல் இலேசாகட்டும் என்றும், மெலிந்து தோன்றவேண்டும் என்றும் இத்தகைய பொடிகளை வாங்கி உண்டு, வகுப்பிற்கு வாராது படுத்துக்கிடக்கும் நண்பரை யான் கண்டுள்ளேன். ஆயாவாவது கஞ்சியும் மோரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார், இவர்க்கு அதுவுமில்லை.

ஒன்று கூறலாம்: பிள்ளைகள் வயிற்றிற் பூச்சி சேராதிருக்கவன்றோ ஆயாமார் எண்ணெய் கொடுத்தனர் என்று. மெய்யே. அக்காலத்தில் அதற்கு வேறு எளிய வழி இருந்ததில்லை. ஆயின் 2015 முதல் நம் நாட்டில் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பெற்று, 1 முதல் 19 வயது வரையுள்ளார்க்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை விலையின்றி வழங்கப்படுகின்றது. புழுவை நீக்க ஒரு மாத்திரை போதுமெனின், குடலையே கலக்குவது எற்றுக்கு? பிள்ளைகட்குப் பேதி கொடுத்த தலையாய காரணம் இதனால் நீங்கிவிட்டது. காரணம் நீங்கியபின்னும் வழக்கத்தைப் பற்றி நிற்றல் அறிவுடைமையாகாது.

எனவே, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? எண்ணெய் முழுக்கைத் தள்ளவேண்டியதில்லை. உடல் நலமுள்ளார்க்கு அது இனிய ஓய்வு. முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்க என்னும் வள்ளுவர் அறிவுரையினும் சிறந்த குடற்றூய்மை வேறில்லை. வயிறு கெட்ட நாளில் கஞ்சியோடு நிற்றலும் நன்றே. ஆனால் வயிற்றுவலிக்குக் காரணந் தெரியுமுன் எவர்க்கும் பேதி மருந்து கொடுக்கலாகாது. காய்ச்சலுற்றார், கருவுற்றார், சிறுவர், முதியோர், நாள்தோறும் வேறு நோய்க்கு மருந்துண்பார் ஆகியோர்க்கு மருத்துவரைக் கேளாது கொடுக்கவே ஆகாது. நேர்வாளம் முதலிய கடும் பேதிச் சரக்குகளை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து தாமே அரைத்துண்பது உயிரோடு விளையாடுதலாகும். சுத்தி செய்யாத நேர்வாளம் நஞ்சே என்பதைச் சித்த நூல்களே கூறுகின்றன. பஞ்சகருமமே வேண்டுமென்பார், அதனை முறைப்படி கற்றுப் பதிவுபெற்ற மருத்துவரிடம் செல்க.

அத்தகையோர் இந்நாட்டில் இல்லாமலில்லை. நாட்டு மருத்துவங்களை ஆராய அமைந்த உஸ்மான் குழு 1923-இல் தன் அறிக்கையை அளித்ததும், அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியதும், 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி எழுந்ததும், 2005-இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்றதும் நாம் அறிந்தவையே. வைத்தியர் ஊரைவிட்டு நீங்கினாரேனும் நாட்டைவிட்டு நீங்கினாரல்லர்.

இறுதியாக, தமிழ் கற்கும் நண்பர்கட்கு ஒரு விண்ணப்பம். மருத்துவச் செய்யுள் நமக்குப் பாடமன்று என்று நாம் எண்ணுகின்றோம். 1859-இல் சாம்பவர் வடகரையிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் அங்ஙனம் எண்ணவில்லை. கிறிஸ்தவராகிய அவர், சித்த மருத்துவத்தைக் கற்றுத் தஞ்சையில் மூலிகைத் தோட்டமிட்டு மருந்து செய்தார். அம்மருத்துவத்தால் ஈட்டிய பொருள்கொண்டே தமிழிசையை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். அம்மருத்துவ நூல்களையும் தமிழிலாக்கினார். ஒருவர் நம் மருத்துவத்தைப் பேணினார். மற்றவர் பிறர் மருத்துவத்தை நம் மொழியிற் கொணர்ந்தார். இவ்விருவர் தொழிலும் சேர்ந்த ஒரு சிறு தொழில் நமக்குக் காத்திருக்கின்றது. மருத்துவச் சுவடிகளிலும் அச்சு நூல்களிலும் சிதறிக்கிடக்கும் விலக்குகளைத் தொகுத்து, கற்ற மருத்துவர் துணைகொண்டு சரிபார்த்து, எழுத்தறிந்த சிறுமி தன் ஆயாவுக்குப் படித்துக் காட்டத்தக்க எளிய தமிழில் ஒரு சிறு துண்டு நூலாக்கி ஊர்தோறும் வழங்குவோமாயின், நாம் கற்ற தமிழ் ஓருயிரையேனும் காத்ததாகும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் வல்லம் சென்றிருந்தபோது, அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி தன் குழந்தைக்கு வயிற்றுவலியென்று ஆயாவிடம் எண்ணெய் கேட்டு வந்தாள். ஆயா எழுந்திலர். "காய்ச்சல் இருக்கா? வாந்தி எடுத்தானா? வயிறு உப்பிக்கிட்டு இருக்கா? எந்தப் பக்கம் வலிக்குது?" என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினார். பின்பு என்னை நோக்கி, "வண்டியைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்" என்றார். எழுத்தறியாத ஆயா விலக்கைக் கற்றுக்கொண்டார். அதற்கு எம் தம்பி கொடுத்த விலை பெரிது. அவ்விலையைப் பிற இல்லத்தார் கொடாதிருக்கச் செய்தல், எழுத்தறிந்த நம் கடன்.